மேசை மேல் டீ, மேசைக்குக் கீழே டெரியர்: ஸ்காட்லாந்து வீட்டுச் சமாச்சாரங்கள்

#1 கொதிகெண்டி

ஒரே பெட்டி டீப்பையை லண்டனில் போட்டால் ஒரு ருசி, கிளாஸ்கோவில் போட்டால் வேறொரு ருசி. ஏன் என்ற கேள்வி இங்கே அடிக்கடி வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாலைக் குறை சொல்ல வேண்டாம். எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை.

கிளாஸ்கோவுக்குத் தண்ணீர் வருவது லாக் கேத்ரின் ஏரியிலிருந்து. காலரா ஊரைத் திரும்பத் திரும்ப அடித்த பிறகு போட்ட திட்டம் அது. ஜான் பிரடெரிக் பேட்மேன் என்ற பொறியாளர் மலையைக் குடைந்து கால்வாய் கொண்டுவந்தார், 1859 அக்டோபரில் விக்டோரியா மகாராணி திறந்து வைத்தார். மழைத்தண்ணீர் கரும்பாறை மேல் வழிந்து நேராக ஏரியில் விழுகிறது. சுண்ணாம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடினத்தன்மை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும் கீழே. லண்டன் குழாயில் அது 250ஐத் தாண்டும்.

தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் இருந்தால் டீச்சாற்றோடு சேர்ந்து மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடை கட்டும். மக்கின் உள்சுவரில் பழுப்பு வளையம் விழுவதும் அதனால்தான். நிறமும் மங்கிக் கலங்கலாக இருக்கும். மென்தண்ணீரில் இது எதுவும் கிடையாது. சாறு சீக்கிரம் இறங்கும், நிறம் செம்பு மாதிரி தெளிவாக வரும். ‘ஸ்காட்டிஷ் பிளெண்ட்’ என்று தனியாக விற்பதெல்லாம் இந்தத் தண்ணீரை மனதில் வைத்துக் கலந்ததுதான். அதை லண்டனுக்கு வாங்கிப்போய் “ஒன்றும் விசேஷமில்லையே” என்பவர்கள் கூடவே தண்ணீரையும் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அளவு: 80 பை உள்ள பெட்டி 250 கிராம், ஆக ஒரு பைக்கு 3 கிராம் சொச்சம். மக்கில் 220 மில்லி தண்ணீர், தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும். இங்கே 3 நிமிடம் போதும், கடினத் தண்ணீர் ஊரில் 4 அல்லது 5. பையை எடுத்த பிறகுதான் பால், 20லிருந்து 30 மில்லி. பையும் பாலும் ஒன்றாகக் கிடந்தால் சூடு இறங்கி, சாறு பாதியிலேயே நின்றுவிடும். பையைக் கரண்டியால் மக்கோடு வைத்து நசுக்காதீர்கள், கடைசிச் சொட்டில் வருவது துவர்ப்பு மட்டும்தான்.

பழைய ஆட்கள் டீயை ‘மாஸ்க்’ பண்ணுவதாகச் சொல்வார்கள். முகமூடி இல்லை. மூடி வைத்துச் சாறு இறங்க விடுவதற்கு ஸ்காட்ஸ் மொழிச் சொல் அது.

#2 புதுவரவு_எடின்

அருமை. ஒரு முறை கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது, ஆக்சிஜன் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

#3 கொதிகெண்டி

முதல் கொதியிலேயே ஆக்சிஜனில் பெரும்பங்கு வெளியேறிவிடும், இரண்டாவது கொதிக்கு மிச்சம் அதிகம் இல்லை. கடினத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கொதித்தால் கெண்டியடியில் சுண்ணாம்புத் தூள் சேரும், அது தனிப் பிரச்சினை. எடின்பரோவில் இதற்காகக் கவலைப்படாதீர்கள். சரியாகக் கொதிக்காத தண்ணீரை ஊற்றுவதுதான் பெரிய தப்பு. குளிர்ந்த பீங்கான் கூஜாவும் அப்படித்தான், ஊற்றிய உடனே பத்து டிகிரி வரை விழுங்கிவிடும். முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, அப்புறம் இலை போடுங்கள்.

#4 லயத்துக்காரன்

தண்ணீர்க் கதை சரி. ஆனால் இலை எங்கேயிருந்து போனது என்று சொல்லாமல் விட்டால் எப்படி?

இலங்கையில் வியாபாரத்துக்கென்று முதலில் தேயிலை நட்டவர் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர். 1852இல் வந்தார், 1867இல் கண்டிக்கு மேலே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டார். அடுத்த இரண்டு வருஷத்தில் கோப்பி இலையில் துருநோய் தலைகாட்டி, கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தபடியால்தான் அந்த 19 ஏக்கர் நாடு முழுக்கப் பரவியது. காடு வெட்டியதும், நட்டதும், கொழுந்து எடுத்ததும் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கங்காணிமார் கூட்டி வந்த சனங்கள். துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர் ஏராளம் என்பதற்கு எங்கட மலையகத் தோட்டப் பெயர்களே சாட்சி: ஹோலிரூட், பால்மோரல், கிளென்லையன், டன்சினேன், ஸ்ட்ராத்ஸ்பே. ஊர் விட்டு வந்தவன் ஊர்ப் பெயரைச் சுமந்து வந்திருக்கிறான்.

கிளாஸ்கோவில் 1871இல் பலசரக்குக் கடை திறந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை அவருடையது. தேயிலையைப் பெட்டியில் அள்ளி நிறுத்து விற்ற காலத்தில் எடை போட்ட பொட்டலமாக விற்றார். ஊருக்கு ஊர் தண்ணீருக்கேற்ற கலவை என்றே விளம்பரம் பண்ணினார். ஆக, கொதிகெண்டி அண்ணை சொல்லும் விஷயம் அந்த வியாபாரிக்கு அப்பவே தெரியும்.

இப்போது பிரிட்டன் டீப்பையில் பெரும்பாலும் கென்யா, அசாம் சீடிசி தூள்தான், அதாவது இலையை இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை. சுளீரென்று இறங்கும், பால் தாங்கும். மலையகத்து உயர்நிலத் தேயிலையை அதே 3 நிமிடத்தில் பாலோடு குடித்துவிட்டு “சப்பென்று இருக்கிறது” என்று சொல்லாதீங்கோ. அதைப் பால் விடாத பிளேன்டீயாகக் குடிக்க வேணும்.

#5 மாவும்வெண்ணெயும்

டீயோடு கடிக்க ஏதாவது வேண்டுமே. ஷார்ட்பிரெட் அளவு மனப்பாடமாக வரும்: சர்க்கரை 1, வெண்ணெய் 2, மாவு 3. 100 கிராம் பொடிச் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. மைதாவில் 50 கிராமை எடுத்துவிட்டு அதே எடைக்குப் பச்சரிசி மாவு போட்டால் கடிக்கும்போது ‘மொறுக்’ என்று முறியும். உப்பில்லா வெண்ணெய் என்றால் அரை டீஸ்பூன் உப்பு. முட்டை, பேக்கிங் பவுடர், வெனிலா எதுவும் கிடையாது. அதனால் நல்ல வெண்ணெய் வாங்குங்கள், ஒளிந்துகொள்ள அதற்கு வேறு இடமில்லை.

வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும், பளபளவென்று உருகக் கூடாது. சர்க்கரையோடு குழைத்து, மாவைக் கொட்டி, விரல் நுனியால் பிசிறி, உருண்டை சேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் பசைத்தன்மை ஏறி ரப்பராகும். 23 செ.மீ. வட்டத் தட்டில் அமுக்கி, முள்கரண்டியால் அடிவரை குத்தி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். 150 டிகிரியில் 45லிருந்து 55 நிமிடம். நிறம் வைக்கோல் மாதிரி வந்தால் போதும், பொன்னிறம் வந்தால் தாண்டிவிட்டது. அடுப்பிலிருந்து வந்த சூட்டிலேயே எட்டாகக் கீறிவிட வேண்டும், ஆறிய பிறகு கத்தி வைத்தால் தூள் தூள்தான்.

#6 புதுவரவு_எடின்

இடியாப்ப மாவு இருக்கிறது, போடலாமா? அப்புறம் நடுவில் மட்டும் வளைகிறது, ஓரம் நன்றாக வருகிறது. என்ன காரணம்?

#7 மாவும்வெண்ணெயும்

இடியாப்ப மாவு வறுத்தது, வாசனை வேறு பக்கம் இழுக்கும். வறுக்காத மாவு இல்லையென்றால் ரவை போடுங்கள், நானே பல தடவை ரவையைத்தான் சிபாரிசு செய்வேன். நடுவில் வளைவது வேகாததால். சூட்டைக் கூட்டாதீர்கள், ஓரம் கருகிவிடும். 140க்கு இறக்கி 15 நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஆறின துண்டைக்கூட மறுபடி 10 நிமிடம் உள்ளே வைத்துக் காப்பாற்றலாம்.

டேப்லெட்டும் யாராவது கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். மாத்திரை இல்லை, நம் பால்கோவாவுக்கும் கற்கண்டுக்கும் நடுவில் நிற்கிற இனிப்பு. சர்க்கரை 1 கிலோ, வெண்ணெய் 125 கிராம், பால் 250 மில்லி, 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டப்பா. அடிகனமான பெரிய பாத்திரம், ஏனென்றால் பொங்கி மூன்று மடங்கு எழும். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் கொதிக்க விட வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தில் தடவிப் பார்த்தால் நறநற என்று ஒன்றும் தட்டக் கூடாது. பிறகு விடாமல் கிளறி 116 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையா, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டுங்கள், மெத்தென்று உருண்டை வந்தால் அதுதான் பதம். இறக்கிவிட்டுக் கட்டையால் அடிக்க வேண்டும், 5லிருந்து 8 நிமிடம். பளபளப்பு போய், கரண்டி பாத்திரத்து அடியில் உரசும் சத்தம் மாறும் பாருங்கள், ‘சர்க்’ என்று மணல் சத்தம். அந்த நொடியில் தட்டில் ஊற்ற வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் அடித்தால் பாத்திரத்திலேயே பாறையாகிவிடும்.

#8 கொதிகெண்டி

குறுக்கே ஒன்று. நம் ஊர் ஹோட்டல்களில் சமோசா, கேக் வைத்து ‘ஹை டீ’ என்று போர்டு மாட்டுகிறார்களே, ஸ்காட்லாந்து ஹை டீ அது இல்லை. சாயங்காலம் 5 மணி வாக்கில் வறுத்த மீனோ, மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘ஸ்டேக் பை’யோ சூடாக ஒரு தட்டு, கூடவே டோஸ்ட், பிறகு ஸ்கோன், கேக் அடுக்கு, ஆரம்பம் முதல் கடைசி வரை டீ. இரவுச் சாப்பாடே அதுதான்.

#9 புதுவரவு_எடின்

மேசைக்குக் கீழே இருக்கிற பார்ட்டியைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். 8 கிலோ வெஸ்டி, அதாவது வெஸ்ட் ஹைலண்ட் வெள்ளை டெரியர் நாய். சாஸரில் கொஞ்சம் பால் டீ, ஒரு பிஸ்கட் கொடுக்கலாமா? இங்கே பல வீடுகளில் கொடுக்கிறார்கள்.

#10 நாலுகால்_வைத்தியம்

கணக்கோடு சொல்கிறேன். கஃபீனில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வாக்கில் நாய்க்கு அறிகுறி தொடங்கும்: பதற்றம், வாந்தி, மூச்சிரைப்பு. 8 கிலோவுக்கு அது 160. ஒரு மக் டீயில் 40லிருந்து 50 இருக்கும், சாஸரில் நக்கும் 30 மில்லியில் 6 வருமா? அதனால் உயிருக்கு ஒன்றும் இல்லை, தேவையும் இல்லை. ஆபத்து போடாத டீப்பையில் இருக்கிறது. 3 கிராம் உலர்ந்த தூளில் 90 மில்லிகிராம் வரை இருக்கும், இரண்டைக் கடித்து விழுங்கினால் எல்லை தாண்டியாயிற்று. நூல் கட்டிய பை என்றால் குடலில் சிக்கவும் செய்யும். டீ டப்பாவைக் கீழ் அலமாரியில் வைக்காதீர்கள்.

பிஸ்கட் என்றால், இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் டனாக்ஸ் கேரமல் வேஃபர், சாக்லேட் பூசியது, 30 கிராம். அது முழுவதும் பால் சாக்லேட் என்றே வைத்துக்கொண்டாலும், சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாகும் தியோப்ரோமின் 60 மில்லிகிராம் வாக்கில்தான் வரும். ஒன்றைத் திருடித் தின்றால் பதற வேண்டாம், உறையையும் சேர்த்து விழுங்கியதா என்று பாருங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் கறுப்புச் சாக்லேட் வேறு கணக்கு, அதில் பல மடங்கு.

நான் உண்மையில் பயப்படுவது உலர்திராட்சைக்கு. இந்த நாட்டு டீ மேசையைக் கொஞ்சம் பாருங்கள்: டண்டீ கேக், செல்கர்க் பேனக், குளூட்டி டம்ப்ளிங், புத்தாண்டுக்குப் பிளாக் பன். எல்லாம் உலர்திராட்சையால் கட்டிய சுவர். ஒரு கைப்பிடி தின்ற நாய் சும்மா இருக்கும், சில பழம் தின்ற நாய்க்குச் சிறுநீரகம் நின்றுபோகும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள், பழத்துக்குப் பழம் அதன் அளவு மாறுவதால்தான் இந்தக் குழப்பம். ஸ்கோனுக்குப் போடும் கிரீம் ஆஃப் டார்டாரும் அதே குடும்பம், டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள்.

தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியருக்குப் போன் போட்டு எடை, தின்ற அளவு, நேரம் மூன்றையும் சொல்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். பிறகு இரண்டு நாள் வரை சலைன் ஏற்றி ரத்தப் பரிசோதனை செய்வார்கள். வீட்டில் உப்புக் கரைத்துப் புகட்டாதீர்கள், உப்பே விஷமாகும்.

பிஸ்கட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெஸ்டிகளுக்குத் தோல் ஒவ்வாமை சகஜம்: பாதம் நக்கும், வயிறு சிவக்கும், காது நாறும். உணவுதான் காரணமா என்று பார்க்க 8 வாரம் ஒரே உணவு கொடுப்பார்கள். அந்த 8 வாரத்தில் மேசையிலிருந்து விழும் ஒரு துண்டு ஷார்ட்பிரெட் போதும், கணக்கு முதலிலிருந்து. “கொஞ்சம்தானே” என்கிற விருந்தாளியை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு மருந்து இன்னும் வரவில்லை.

#11 சீப்பும்கத்தியும்

தோல் பேச்சு வந்ததால் முடிக்கு வருகிறேன். வெஸ்டி, கேர்ன், ஸ்காட்டி என்ற மூன்று டெரியர் இனத்துக்கும் இரட்டை முடி: மேலே கம்பி மாதிரி முரடு, அடியில் பஞ்சு. மேல்முடி ஆயுள் முடிந்ததும் தானாக உதிராமல் வேரில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கையால் உருவி எடுப்பதுதான் ஸ்டிரிப்பிங்.

குளிப்பாட்டிய அன்று செய்யாதீர்கள், வழுக்கும். முதுகில் ஒரு சிட்டிகை சாக்பீஸ் தூள் தேய்த்தால் பிடி கிடைக்கும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஐந்தாறு முடி மட்டும், நுனிப் பக்கமாகப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கக் கூடாது, முழங்கையிலிருந்து அசைவு வரட்டும். முதிர்ந்த முடி என்றால் வெண்ணெயிலிருந்து வருவது போல வரும், நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. தோல் கூடாரம் மாதிரி எழும்பினால் இன்னும் காலம் வரவில்லை, இரண்டு வாரம் விடுங்கள். கழுத்து, முதுகு, விலா என்று போக வேண்டும். அடிவயிறு, தொடை இடுக்குப் பக்கம் கத்தரிக்கோல்தான், அங்கே உருவினால் வலிக்கும்.

ஸ்டிரிப்பிங் கத்தி வாங்கினால் ஒரு எச்சரிக்கை: புதுக் கத்தி கூராக இருக்கும், முடியைப் பிடுங்காமல் அறுத்துவிடும். கல்லில் தேய்த்து முனையை மழுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். கையில் வந்த முடியின் அடியைப் பாருங்கள். வெட்டுப்பட்டுத் தட்டையாக இருந்தால் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

#12 புதுவரவு_எடின்

மெஷின் போட்டால் என்ன? பாதி விலைக்கு முடிகிறதே.

#13 சீப்பும்கத்தியும்

கண்காட்சிக்குப் போகாத நாய்க்கு மெஷின் போடுவது பாவமில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்து போடுங்கள். செத்த முடியின் வேர் உள்ளேயே இருக்கும், முரடு குறைந்து பஞ்சு மேலே வரும், நிறம் வெளுக்கும். கோதுமை நிறக் கேர்ன் சில தடவையில் சாம்பலாகத் தெரியும். முரட்டு முடியில் சேறு காய்ந்தால் சீப்பில் உதிரும், பஞ்சு முடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் கேட்கும். ஆனால் தோல் புண்ணாக இருக்கும் வெஸ்டிக்கும், கருத்தடைக்குப் பின் முடி கம்பளியாகிப்போன நாய்க்கும் மெஷின்தான் சரி. அங்கே உருவுவது கொடுமை.

ஸ்கை டெரியருக்கும் டாண்டி டின்மான்ட்டுக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. ஸ்கைக்குத் தரை தொடும் நீள முடி, வாரம் ஒரு முறை அடுக்கடுக்காகப் பிரித்து அடிவரை வாரினால் போதும். டாண்டிக்கு உடம்பில் முரடும் மென்மையும் கலந்து வரும், தலையில் பட்டுக் கொண்டை. வால்டர் ஸ்காட் 1815இல் எழுதிய நாவலில் வரும் விவசாயியின் பெயர் அந்த இனத்துக்கு. அவன் நாய்களுக்கெல்லாம் மிளகு, கடுகு என்றே பெயர், இன்றைக்கும் அந்த இனத்தின் இரண்டு நிறங்களை அப்படித்தான் சொல்கிறார்கள்.

#14 லயத்துக்காரன்

எஜமானின் கல்லறையைக் காத்தது என்று எடின்பரோவில் சிலை வைத்திருக்கிறார்களே, அந்தக் கிரேஃபிரையர்ஸ் பாபி நாய் ஸ்கைதானே?

#15 சீப்பும்கத்தியும்

வழக்கமாக அப்படித்தான் சொல்வார்கள், டாண்டி என்று வாதாடுபவர்களும் உண்டு. நாய் இறந்தது 1872, சிலை அடுத்த வருடம். ஒரு வேண்டுகோள்: சிலையின் மூக்கைத் தேய்த்தால் அதிர்ஷ்டம் என்பது சுற்றுலாக்காரர்கள் கிளப்பிவிட்டது, பழைய வழக்கம் இல்லை. மேல்பூச்சு போய் மூக்கு மட்டும் பித்தளைக் குடம் மாதிரி மின்னுகிறது. சும்மா விடுங்கள்.

#16 நாலுகால்_வைத்தியம்

ஸ்காட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். விளையாட்டின் உச்சத்தில் முதுகு வளைந்து, பின்னங்கால் விறைத்து, ராணுவ அணிவகுப்பு மாதிரி நடந்து, சில நிமிடத்தில் சரியாகிவிட்டால் அது ‘ஸ்காட்டி கிராம்ப்’ ஆக இருக்கலாம். பரம்பரையாக வருவது. நினைவு தப்பாது, வலியும் இருக்காது, வலிப்பு நோய் இல்லை. போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், விவரிப்பதைவிட அது நூறு மடங்கு உதவும். இரண்டாவது, இந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்று மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகம். சிறுநீரில் ரத்தம் கண்டால் ‘சூடு’ என்று இளநீரைத் தேடாமல் பரிசோதனைக்குப் போங்கள். களைக்கொல்லி தெளித்த புல்தரையில் விடாமல் இருப்பதும் நல்லது.

ஹைலண்ட்ஸ் பக்கம் நடந்துவிட்டு வந்தால் உண்ணி பாருங்கள்: காது மடல், அக்குள், விரலிடுக்கு. உண்ணி எடுக்கும் கொக்கியைத் தோலோடு ஒட்டிச் செருகிச் சுழற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்புச் சூடு வைப்பது இரண்டும் உண்ணியை உள்ளே கக்க வைக்கும்.

#17 கொதிகெண்டி

டெரியர் என்ற பெயரே மண்ணிலிருந்து வந்தது, பள்ளம் கண்டால் இறங்கும். அது வளைக்கரடி (பேட்ஜர்) வளை என்றால் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். வளையைத் தோண்டுவது 1992 சட்டப்படி குற்றம். வாயிலில் அமைதியாக உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் தானே வரும், வராவிட்டால் போலீஸிடம் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

#18 புதுவரவு_எடின்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. டேப்லெட் கெட்டியாகவே இல்லை, கரண்டியில் ஒழுகுகிறது. கொட்டிவிடவா?

#19 மாவும்வெண்ணெயும்

கொட்டாதீர்கள். 112, 113லேயே இறக்கியிருப்பீர்கள். பாத்திரத்தில் திருப்பிப் போட்டு 100 மில்லி தண்ணீர் விட்டு, முதலில் முழுக்கக் கரைய விடுங்கள். அப்புறம் மறுபடி 116. இந்தத் தடவை நிறம் கொஞ்சம் கூடும், ருசிக்குக் குறைவில்லை. கிளறும்போது காலடியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே? சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள், கொதிக்கும் பாகு முதுகில் சொட்டினால் அந்த முடியோடு ஒட்டிக்கொண்டு பிய்க்கவே வராது.